வாய்க்கட்டு

என் வீட்டுக்காரர் எஸ்றாவுக்கு ஒரு நாளைக்கு நாலு விஷயத்தையாவது விளக்காவிட்டால் தூக்கம் வராது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவர். கல்லூரியில் மணி அடித்தால் வகுப்பு முடிந்துவிடும். வீட்டில் யார் மணி அடிப்பது? கனவில் ஒரு மாடு துரத்தியது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், நான் பல் விளக்கி முடிப்பதற்குள் அந்த மாடு யார் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது என் அம்மாவாக இருக்கும். குழம்பில் உப்பு கூடினால், "கனி, உன் அடிமனசுல யாரு மேல கோவம்?" என்பார். ஊரைச் சுற்றி உப்பளம், கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அவர் நாசரேத். நான் சாத்தான்குளம். இரண்டு வீட்டிலும் வேதப்புத்தகத்துக்கும் இங்கிலீஷ் இலக்கணத்துக்கும் இடம் உண்டு, தாயத்துக்கும் மந்திரத்துக்கும் கிடையாது. அப்படிப்பட்ட எங்களுக்குத் தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு கிடைத்ததோ திரேஸ்புரத்தில், சங்கு குளிக்கிறவர்கள் தெருவில். பக்கத்து வீட்டு கஸ்பார் அந்தத் தெருவிலேயே மூச்சுப் பிடிப்பதில் கெட்டிக்காரன். அவன் பெண்டாட்டி பிரகாசி என்னை அக்கா என்று கூப்பிடுவாள், வாரம் தவறாமல் மீன் கொண்டுவந்து தருவாள், காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை.

அந்தக் கடற்கரையில்தான் கடல்கட்டி இருந்தார். பெயர் சிவனணைந்தபெருமாள். குளிக்கிறவர்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது சுறா வாயைத் திறக்காதபடி மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவர் அப்பாவுக்கு சர்க்காரே படி அளந்ததாம். முத்துச்சிப்பி இல்லாமல் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இப்போது சங்கு மட்டும்தான். சர்க்கார் கடல்கட்டியை மறந்துவிட்டது, குளிக்கிறவர்கள் மறக்கவில்லை. இந்துவைக் கொண்டு கடலைக் கட்டுவது பாவம் என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் கண்டிப்பார். எல்லாரும் மண்டியிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். மறுநாள் விடியற்காலையில் சிலுவை போட்டுக்கொண்டு, பெருமாளின் ஓலைக்குடிசை முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார்கள்.

பெருமாளைப் பார்த்தால் தவம் செய்கிற ஆள் என்று யாரும் சொல்லமுடியாது. தொந்தியும் தொப்பையுமாக, சாப்பாட்டுப் பேச்சு எடுத்தால் கண் மினுங்குகிற மனுஷர். அவர் தொழில் என்னவோ பட்டினி. முதல் வள்ளம் இறங்கினதிலிருந்து கடைசி வள்ளம் கரையேறுகிறவரை சோறு, தண்ணீர், பேச்சு எதுவும் கூடாது. மந்திரத்தை முணுமுணுக்கலாம், அவ்வளவுதான். கடலுக்கு முதுகு காட்டக்கூடாது. முன்னால் ஒரு வெண்கலச் செம்பில் தண்ணீர், அதற்குள் இரண்டு தகட்டு மீன். இதற்கு வாய்க்கட்டு என்று பெயர். ஏன் பட்டினி கிடக்கவேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "நம்ம வாயக் கட்டாம அது வாய எப்பிடிம்மா கட்ட முடியும்?" என்றார்.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நடந்தால் பிரசங்கம் வரப்போகிறது என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரு வாசகசாலையில், 'மந்திரமும் மனமும்' என்று பேசினார். குளிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் பெருமாள், நெற்றி நிறைய திருநீறோடு.

நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. சுறாவுக்குத் தமிழ் தெரியாது என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள், பெருமாளும் சிரித்தார். வள்ளங்கள் கூட்டமாகப் போய், ஆட்கள் மூழ்குவதற்கான கல்லோடு தொப்புத்தொப்பென்று குதிக்கிற சத்தத்திலேயே சுறா விலகிவிடும் என்றார். மந்திரம் வேலை செய்வது மீன் மேல் இல்லை, மனுஷன் மேல். கரையில் ஒருத்தர் எனக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று நம்புகிறவனுக்குப் பயம் குறையும், பயம் குறைந்தால் மூச்சு வீணாகாது, கை பதறாது. கடல்கட்டி கட்டுவது சுறாவை இல்லை, பயத்தை. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பாராட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். என் வீட்டுக்காரருக்கு நிறுத்துகிற பழக்கம் கிடையாது.

"அப்படிப் பார்த்தால் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தாலும் பலன் ஒன்றுதான்" என்றார். "நானே உட்கார்ந்தாலும்!"

பெருமாள் எழுந்து நின்று கை தட்டினார். பிறகு, "சார் சொன்னது நூத்துக்கு நூறு" என்றார். "வாற வியாழக்கெழம ஓட்டப்பிடாரத்துல எம் மச்சினன் மவளுக்குக் கல்யாணம். சீசன்ல நான் ஒரு பந்தியிலயாவது உக்காந்திருக்கனா? எப்பம் பாத்தாலும் எல போடுத நேரத்துல நான் இங்கன செம்புக்கு முன்னால இருக்கேன். அன்னைக்கு ஒருநா சார் உக்காரட்டும். யாரு உக்காந்தாலும் ஒண்ணுதான்னு அவியளே சொல்லிட்டாவ."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். குளிக்கிறவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லுவார்கள் என்றுதான் நினைத்தேன். கஸ்பார் எழுந்து, "சார் எம்.ஏ. படிச்சவுக. கட்டு இன்னும் இறுக்கமாத்தான் இருக்கும்" என்றான். அவ்வளவுதான், தீர்மானமாகிவிட்டது. மந்திரம் இல்லை என்று ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினவரைக் கடைசியில் அவர்கள் பெரிய மந்திரவாதி என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "இது ஒரு நல்ல சோதனை" என்றார் தானாகவே. "மந்திரத்துக்குப் பதிலா பதினாறாம் வாய்ப்பாடு சொல்லப்போறேன். சுறா வரலன்னா, மந்திரத்துக்கு வேலை இல்லன்னு நிரூபணம் ஆயிரும்."

"சுறா வந்தா?"

"கேள்வி சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

எனக்கு அடக்கமுடியாத சிரிப்பு. பசியைக்கூட விடுங்கள், இந்த மனுஷர் ஒரு பகல் முழுக்கப் பேசாமல் இருக்கப்போகிறார்! தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். காப்பி இல்லாவிட்டால் பத்து மணிக்குத் தலைவலி வந்து, அந்தத் தலைவலி எப்படி வருகிறது என்று பதினோரு மணிவரை விளக்குகிறவர். அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். "குளிக்கிறவங்க நான் பட்டினின்னு நம்பினாப் போதும் கனி. நான் நெசமாப் பட்டினி கிடக்கணும்னு அவசியம் இல்ல. நீ பிளாஸ்க்குல காப்பி கொண்டுவந்து குடிசைக்குள்ள வச்சிரு. வள்ளம் கண்ணுக்கு மறைஞ்சதும் குடிச்சிக்கிடுதேன்." யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றும் கண்டுபிடிக்கமுடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பிரகாசி கொல்லைப்புறமாக வந்தாள். "அக்கா, சார் நாளைக்கு வாயக் கட்டிருவாவளா?"

"கட்டினா எனக்கும் ஒருநா ஓய்வு" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காதிய அக்கா. போன வருசம் வேம்பாருக்காரர சுறா தொடையில கடிச்சிச்சில்லா? அன்னைக்கு அந்த வள்ளத்துக்குக் கட்டு இல்ல. எங்க வீட்டுல இவுக, கட்டு இருக்குன்னு நெனச்சிக்கிட்டு ஆழத்துக்குப் போயிருவாக. எனக்கு அவுகள விட்டா யாரு இருக்கா?"

அவள் போனபிறகு இதை அவரிடம் சொன்னேன். பிரகாசியின் பயத்துக்கு ஒரு பெயர் சொல்ல வாய் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, விளக்கை அணைத்துவிட்டார்.

வியாழக்கிழமைக்குக் கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்திருந்தார், காரணம் 'ஆராய்ச்சி' என்று. நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு 'வயிற்றுவலி' என்று எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் பிளாஸ்க்கில் காப்பியும் தூக்குச்சட்டியில் எனக்கு இட்லியும் எடுத்துக்கொண்டு குடிசைக்குப் போனோம். பெருமாள் அங்கே பட்டுக்கரை வேட்டியில், மாப்பிள்ளையே அவர்தான் என்பதுபோல் நின்றார். செம்பை நகர்த்தி வைத்து, மீன் இரண்டையும் போட்டு, "மந்திரம் வேண்டாம்னுட்டிய. மத்ததெல்லாம் உண்டு சார். வாயி பத்திரம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். தொப்பையோடு அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

குளிக்கிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகக் குடிசைக்கு முன்னால் நின்றார்கள். வகுப்பில் தன் முன்னால் எத்தனையோ பேர் உட்கார்ந்து பார்த்தவர்தான், ஆனாலும் இப்படி யாரும் அவர் முன்னால் நின்றதில்லை. கஸ்பார் கடைசியாக வந்தான். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினான். பிறகு ஓடிப்போய் வள்ளத்தைத் தள்ளினான்.

வள்ளங்கள் போய் மறைந்தன. என் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு, செம்பைப் பார்த்துப் பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு பொங்கியது. வெயில் ஏறியது. பத்து மணி ஆனதும் பிளாஸ்க்கை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். ஓலைத்தட்டி மூன்று பக்கமும் மறைத்திருந்தது. கரையில் ஒரு நாய்கூட இல்லை. மூடியைத் திறந்து கொஞ்சம் வாசனை போகவும் விட்டேன், நான் ஒன்றும் நல்லவள் இல்லை.

அவர் பிளாஸ்க்கைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடியும் பிளாஸ்க்கைப் பார்த்தார். கை பாதி தூரம் வந்தது. வந்த கை மடியிலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டது. வாய்ப்பாடு தொடர்ந்தது.

"குடிங்க, யாரும் பாக்கல" என்றேன் மெல்ல. அவர் வேண்டாம் என்று விரலை மட்டும் ஆட்டினார்.

"அவங்க நம்பினாப் போதும்னு நீங்கதான சொன்னிய?"

பதில் இல்லை. நான் சொன்னதற்கு அவரிடமிருந்து பதில் வராமல் போனது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அதை அனுபவித்தேன். பிறகு அது அவ்வளவு நன்றாக இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சங்கை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். எவனுக்கும் ஒரு கீறல் இல்லை. குடிசைப் பக்கம் பார்த்து, "சாரு கட்டு சரியான கட்டுல்லா!" என்று கத்தினார்கள். வெயில் சாய்ந்தபோது எல்லா வள்ளமும் வந்துவிட்டது, கஸ்பாரின் வள்ளத்தைத் தவிர.

அது எங்கே என்று கேட்டால் ஒருத்தனுக்கும் சரியாகத் தெரியவில்லை. தெற்கே தனியாகப் போனான், நல்ல சங்கு கிடைக்கிறது என்று கை காட்டினான், அதற்குப்பிறகு பார்க்கவில்லை. கட்டு இருக்கிறது என்று நினைத்து ஆழத்துக்குப் போய்விடுவான் என்று பிரகாசி சொன்னது என் காதில் கேட்டது. என் வீட்டுக்காரர் காதிலும் அது கேட்டிருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வாய்ப்பாடு நிற்கவில்லை. ஆனால் காலையில் சொன்ன வாய்ப்பாடு இல்லை அது. கையைக் கூப்பியிருந்தார். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டு என்பதை, நாசரேத்தில் அவர் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஜெபம் பண்ணினாரே, அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பிரகாசி வந்துவிட்டாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பின்னால் தெருவே வந்தது. அவள் கடலைப் பார்க்கவில்லை. நேராகக் குடிசைக்கு முன்னால் வந்து மண்ணில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரின் வாயைப் பார்த்தாள். காய்ந்த உதட்டைப் பார்த்தாள். பிளாஸ்க்கையும் பார்த்தாள். அது நிறைய இருக்கிறதா என்று தூக்கிக்கூடப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"சார்" என்றாள். "கட்டு நிக்கா?"

கட்டு என்று ஒன்று இல்லவே இல்லை என்று வாசகசாலையில் ஒரு மணி நேரம் சொன்ன மனுஷர். அவருக்கு இப்போது பேசவும் முடியாது. பேச முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவர் பிரகாசியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நிற்கிறது என்று, நன்றாக, இரண்டு தரம்.

அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே சாய்ந்து உட்கார்ந்தாள். இந்த மனுஷருக்கு என்னைக் கட்டிவைத்த நாளிலிருந்து அவர் சொன்ன எந்த விளக்கமும் எனக்கு அந்தத் தலையாட்டல் அளவுக்குப் பிடித்ததில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கஸ்பாரின் வள்ளம் வந்தது. பாய் கட்டுகிற கம்பு ஒடிந்துபோய், துடுப்புப் போட்டே வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி. கஸ்பார் குதித்து இறங்கினான். பிரகாசி ஓடிப்போய் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள்.

"சுறா வந்துச்சாலே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரு குட்டிகூட கண்ணுல படல. பக்கத்துல வந்தா சாரு பாடம் நடத்திருவாவன்னு பயந்திருக்கும்" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார், கால் மரத்துப்போய் விழப்போனார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் பேச வாய் திறந்தார், தெரு முழுக்கக் காது கொடுத்து நின்றது. காற்றுத்தான் வந்தது. மறுபடியும் முயன்று, "கனி, காப்பி" என்றார். அது ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தார்.

அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பிரகாசி மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இலை போடுகிற நேரத்தில் வாசலில் பெருமாள் நின்றார். பட்டுக்கரை வேட்டியெல்லாம் தூசி. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடற்கரைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னாவ" என்றார். "ஒரு செம்பு தண்ணி தாங்கம்மா."

அண்ணாந்து குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு என்னவோ தட்டியது. "கல்யாணச் சாப்பாடு எப்பிடி அண்ணாச்சி?" என்றேன்.

பெருமாள் செம்பைக் கீழே வைத்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எல போட்டாவ. அவியல் வச்சாவ, கூட்டு வச்சாவ, சோத்துல பருப்ப ஊத்தி நெய்யும் விட்டாவ. பெசஞ்சிட்டேன். கை வாய்க்கு வர மாட்டேங்கு. பயலுவ எல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கானுவளேன்னு ஒரே நெனப்பு. வயித்துவலின்னு சொல்லிட்டு எந்திரிச்சி வந்துட்டேன். மச்சினன் மூஞ்சத் திருப்பிக்கிட்டான்."

என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான் பெருமாள், பழக்கத்தால வார அனிச்சைச் செயல். நாய்க்கு மணி அடிச்சு அடிச்சுச் சோறு போட்டா, பொறவு மணிச் சத்தம் கேட்டாலே அதுக்கு எச்சில் ஊறும். அது மாதிரி உங்களுக்குப் பல வருசமா, கடல்ல ஆளு இருந்தா சோறு இல்லன்னு…"

"அவருக்குச் சரி" என்றேன் நான். "உங்களுக்கு எந்த மணி அடிச்சது?"

பெருமாள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்க் கதையைச் சொன்னேன். குடிக்கலாம் என்று அவரே திட்டம் போட்டதை, யாரும் பார்க்காததை, கை பாதி தூரம் வந்து திரும்பினதை, ஒன்றுவிடாமல் சொன்னேன். பெருமாளுக்குச் சிரிப்பு வந்து தொப்பை குலுங்கியது. "அப்பம் இன்னைக்குக் கடலக் கட்டுனது யாரு சார்? நீங்களா, நானா?"

"கடலை யாரும் கட்டல" என்றார் என் வீட்டுக்காரர் பிடிவாதமாக. கொஞ்ச நேரம் கழித்து, "நான் குடிச்சிருந்தாலும் கஸ்பாருக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எனக்கு அது நல்லாத் தெரியும்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஆயிருந்தா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சரியில்லாமல் இருந்த கேள்வி அது.

இரண்டு பேருக்கும் பரிமாறினேன். மந்திரம் நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வேகத்தில் சாப்பிட்டார்கள். பெருமாள் மூன்றாந்தரம் சோறு வாங்கினார். குழம்பில் உப்பு கூடத்தான் இருந்தது, யாரும் அடிமனதைப் பற்றிக் கேட்கவில்லை.

பெருமாள் ஏப்பம் விட்டு விடைபெற்றுப் போனபிறகு, நான் தூக்குச்சட்டியைக் கழுவ எடுத்தேன். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கினார். கனத்தது. மூடியைத் திறந்தார். காலையில் எனக்கென்று நான் எடுத்துவந்த இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது.

"நீ சாப்பிடலயா?"

"பசிக்கல" என்றேன்.

"தண்ணி?"

யோசித்துப் பார்த்தேன். அதுவும் குடித்த ஞாபகம் இல்லை. என்னை யாரும் கட்டச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் செம்பும் இல்லை, மீனும் இல்லை. அந்தக் குடிசையில் நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. வந்துவிட்டது விளக்கம் என்று நானும் காத்துக்கொண்டு நின்றேன். திறந்த வாயை மூடிக்கொண்டார். என் கையைப் பிடித்து உட்காரவைத்து, பிரகாசியின் சட்டியை வழித்து, இருந்த சோற்றையும் குழம்பையும் எனக்குப் போட்டார்.